தாமிரபரணில தன்னார்வமா ஏதாவது செய்யணும். குப்பை அள்ளுறதா, தண்ணிய அளக்குறதா?

பாளை_புதுவரவு:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலை மாத்தலாகி இப்ப பாளையங்கோட்டைல இருக்கேன். கோடையில மணலா கிடக்குற காவிரியப் பாத்து வளந்தவன். சித்திரைலயும் தண்ணி ஓடுற ஆத்தை இங்க வந்துதான் பாக்குறேன். அதுக்கு நம்மால ஏதாவது செய்யணும்னு தோணுது.

போன மாசம் ஆபீஸ் நண்பர்களோட பாபநாசம் படித்துறைக்குத் துப்புரவுப் பணிக்குப் போனேன். காலைல பூரா துணியா இழுத்தோம். சாக்கு சாக்கா வண்டில ஏத்துனோம். நாங்க கை கழுவிட்டுப் படி ஏறும்போதே ஒரு குடும்பம் குளிச்சு முடிச்சு, கட்டியிருந்த பழைய வேட்டி சேலைய அப்படியே தண்ணில விட்டுட்டுப் போச்சு. மனசே விட்டுப் போச்சு.

என் கேள்வி இதுதான். துப்புரவுக்கே தொடர்ந்து போறதுல பிரயோஜனம் உண்டா? இல்ல, பொதுமக்களே தண்ணிய அளந்து பதிவு பண்றாங்கன்னு கேள்விப்பட்டேன், அதுல சேரலாமா? டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு கைல இருக்கு. குறுக்குத்துறைல வச்சுப் பாத்தேன். எங்க ஃபிளாட் போர்வெல் தண்ணிய விட ரொம்பக் குறைச்சலாக் காட்டுச்சு. அப்ப ஆத்துத் தண்ணி நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா? நான் பி.காம். படிச்சவன், அறிவியல் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நெல்லை_சந்திப்பு:

ப்ரோ, நல்ல எண்ணம். ஆனா இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. சாக்கடை கலக்குறது எல்லாருக்கும் கண்ணாலயே தெரியுது. அத அளந்து நோட்டுல எழுதி யார் கிட்டக் காட்டப் போறீங்க? வாராவாரம் மரம் நடுறவங்க, குப்பை அள்ளுறவங்க எல்லாரும் போட்டோவோட நின்னுடுறாங்க. எனக்கு நம்பிக்கை போச்சு.

---

சேர்மாதேவிக்காரி:

தம்பி, நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்துல வேலை பாத்து ஓய்வு பெத்தவ. இப்ப எங்க ஊர்ப் படித்துறைல மாசாமாசம் தண்ணி எடுத்துச் சோதிச்சு எழுதி வைக்கேன். அதனால கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அந்த டிடிஎஸ் மீட்டர். அத வச்சு ஆத்துத் தண்ணி சுத்தமா இல்லையான்னு முடிவு கட்டாதீங்க. தண்ணில மின்சாரம் எவ்வளவு பாயுதுன்னு பாத்து, அப்ப உப்பு இவ்வளவு கரைஞ்சிருக்கும்னு அது கணக்குப் போட்டுச் சொல்லுது. அவ்வளவுதான் அதோட வேலை. மலத்துல வர்ற கிருமி அதுக்குத் தெரியாது. வயல்ல அடிச்ச மருந்தும் தெரியாது. பொதிகைல பெய்யுத மழை கெட்டிப் பாறை மேல விழுந்து வேகமா இறங்கி வருது. உப்பு கரையறதுக்கு அங்க பெருசா ஒண்ணும் கிடையாது. அதனால இந்த ஆத்துல இயல்பாவே உப்பு கம்மி. ஒரு சாக்கடை வாய்க்குப் பத்தடி கீழ வச்சாக்கூட உங்க போர்வெல்லை விடக் குறைச்சலாக் காட்டலாம். அதுக்காக மீட்டரத் தூரப் போட வேண்டாம். ஒரே இடத்துல விடாம அளந்துட்டு வந்தீங்கன்னா, திடீர்னு ஏறுற அன்னைக்கு மேல எங்கயோ புதுசா ஏதோ கலக்குதுன்னு அதுதான் முதல்ல சொல்லும். ஏரல், ஆத்தூர் தாண்டிப் புன்னைக்காயல் பக்கம் கடல்தண்ணி எவ்வளவு தூரம் ஏறுதுன்னு பாக்கவும் அதுதான் கருவி.

சாக்கடையப் பிடிக்கணும்னா கரைஞ்சிருக்க ஆக்ஸிஜனப் பாக்கணும். மீனு, நண்டு, பூச்சி எல்லாம் அதைத்தான் சுவாசிக்குது. கழிவு விழுந்தா அதைத் தின்னுற நுண்ணுயிர் பெருகி, இருக்கற ஆக்ஸிஜனையும் குடிச்சுத் தீத்துடும். இதுக்கு சோதனைப் பெட்டியே கடைல கிடைக்கும், பி.காம். படிச்சவங்க தாராளமாச் செய்யலாம். மூடி உள்ள சின்னக் கண்ணாடி பாட்டில தண்ணிக்குள்ளயே முக்கி, காத்துக்குமிழி ஒண்ணுகூட இல்லாம உள்ளயே வச்சு மூடணும். கரைக்கு வந்து மாங்கனீசு சல்பேட் கொஞ்சம், பின்னால கார அயோடைடு கொஞ்சம் விட்டு, மூடித் தலைகீழா ஆட்டணும். ஆக்ஸிஜன் இருந்தா பழுப்பா ஒரு படிவு திரண்டு மெதுவா அடில இறங்கும். சாக்கடை விழுற வாய்ல எடுத்த தண்ணில அதே மருந்து வெள்ளையாவே நிக்கும். பக்கத்துல பக்கத்துல ரெண்டு பாட்டில வச்சு, ஒண்ணு பழுப்பு ஒண்ணு வெள்ளைன்னு படித்துறைக்கு வந்த பொம்பளைங்க கிட்டக் காட்டியிருக்கேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் விளக்க வேண்டி வரல.

அப்புறம் அமிலம் விட்டா படிவு கரைஞ்சு தேன் நிறமாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டா விட்டு, கடைசில ஸ்டார்ச் சேத்து நீலம் மறையற சொட்டு வரைக்கும் எண்ணணும். சொட்டு கூடக்கூட ஆக்ஸிஜனும் கூட இருக்குன்னு அர்த்தம். இந்த இடத்துல கவனம் வேணும். அமிலத்துக்குக் கையுறை, கண்ணாடி கட்டாயம். மீந்த மருந்துத் தண்ணிய ஆத்துலயே கொட்டிட்டு வரக்கூடாது, கேன்ல பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு வந்துடணும்.

எவ்வளவு இருக்கணும்னும் தெரிஞ்சுக்கிடுங்க. 30 டிகிரி வெயில் சூட்டுல நல்ல தண்ணியே லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் பிடிச்சு வைக்கும். குளிக்கற தண்ணில 5-க்குக் குறையக்கூடாது, பிஓடி, அதாவது கழிவைத் தின்னுற நுண்ணுயிர் குடிக்கிற ஆக்ஸிஜன் அளவு, 3-க்கு மேல போகக்கூடாதுன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வச்சிருக்கு. பிஓடி வீட்ல பண்ண முடியாது, அதுக்கு ஆய்வகம் வேணும். ஆக்ஸிஜன் நம்ம கைக்கு அடங்கும்.

இதுல எல்லாரும் கோட்டை விடுறது நேரத்துல. பகல்ல பாசி ஆக்ஸிஜன் விடும். ராத்திரி பாசி உட்பட எல்லாமே சுவாசிக்கத்தான் செய்யும். அதனால விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் ஆகக் குறைவா இருக்கும், மதியம் தாண்டினா ஏறிடும். சாக்கடை கலந்து பாசி மண்டிக் கிடக்குற துறைல மூணு மணிக்கு அளந்தா, மலையடிவாரத் தண்ணி தோத்துப் போகுத மாதிரி எண் வரும்! அதை நம்பி ஆறு நல்லாருக்குன்னு எழுதினா பெரிய பொய்யாயிடும். காலைல ஆறரைன்னா என்னைக்கும் ஆறரை. அதே படி, அதே ஆழம். நோட்டுல நேரத்தை எழுதாத எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

மருந்தே வேண்டாம்னா கல்லைப் புரட்டுங்க. நான் ரொம்ப ஆசையாச் செய்யுத வேலை இதுதான். வெள்ளைத் தட்டு ஒண்ணு, டீ வடிகட்டி ஒண்ணு, பூதக்கண்ணாடி ஒண்ணு போதும். ஓடுற தண்ணில கிடக்குற உள்ளங்கை அகலக் கல்லை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. தட்டையா உடம்பை ஒட்டிக்கிட்டு, வாலு மூணு நீட்டிக்கிட்டு, வயித்தோட ரெண்டு பக்கமும் இலை இலையா செவுள் படபடன்னு அடிக்குதா? அது மேஃபிளை குஞ்சு. மணலையும் இலைத்துணுக்கையும் ஒட்டிக் கூடு கட்டி, அந்தக் கூட்டையும் இழுத்துக்கிட்டே நடக்குற புழு ஒண்ணு உண்டு, கேடிஸ்பிளை. இது ரெண்டும் இருந்தா அந்த இடத்துல ஆக்ஸிஜன் நல்லா இருக்குன்னு அர்த்தம். நேத்து ராத்திரி கழிவு விட்டுட்டு இன்னைக்குக் காலைல நிறுத்தியிருந்தா தண்ணிச் சோதனைல தப்பிச்சிடலாம். மாசக்கணக்கா அங்கேயே கிடக்குற இந்தப் பூச்சிங்க கிட்டத் தப்பிக்க முடியாது. கல்லடில சேறும், அதுல நெளியுற சிவப்புப் புழுவும் மட்டும் இருந்தா நிலைமை மோசம். அந்தப் புழுவோட ரத்தத்துல நம்மளப் போலவே ஹீமோகுளோபின் இருக்கு, அதான் சிவப்பு. ஆக்ஸிஜன் செத்த சேத்துலயும் அது பிழைச்சுக்கிடும். பாத்து முடிச்சதும் கல்லை எடுத்த மாதிரியே அதே முகமாத் திருப்பி வச்சிடணும்.

வீட்டுக் குழாய், உறைகிணறு, அடிபம்பு தண்ணிக்கு வேற ஒரு சோதனை இருக்கு. ஹைட்ரஜன் சல்ஃபைடு பாட்டில்னு கேட்டா கொடுப்பாங்க. 1982-ல நம்ம நாட்டு விஞ்ஞானிகளே வெளியிட்ட முறை. கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி, வெதுவெதுப்பான இடத்துல ஒருநாள் ரெண்டுநாள் வைக்கணும். கருத்துப் போனா மலக்கிருமி கலந்திருக்கலாம்னு எச்சரிக்கை. ஓடுற ஆத்துத் தண்ணி பெரும்பாலும் கருக்கத்தான் செய்யும், அதனால ஆத்துக்கு இதை வச்சு ஒண்ணும் புதுசாத் தெரியாது. ஆத்தங்கரை ஊர்கள்ல குடிக்கிற தண்ணிக்கு ரொம்ப உபயோகம்.

இப்ப உங்க முதல் கேள்வி, துணி. அது வீண் வேலையே இல்ல, தம்பி. பாலியெஸ்டர் சேலை மக்காது. கல்லிடுக்குல மாட்டி, மணலு ஏறி, கயிறு முறுக்கின மாதிரி இறுகிடும். ஒரு முனையப் பிடிச்சு ரெண்டு ஆள் இழுத்தாலும் வராது. கதிர் அரிவாளால அறுத்து அறுத்துத்தான் எடுக்கணும். குளிக்க வர்றவங்க காலு அதுல மாட்டுது, கல்லடில இருக்கற பூச்சி மீனுக்கெல்லாம் இடமே இல்லாமப் போகுது. எடுக்கத்தான் வேணும். ஆனா எடுத்ததை எண்ணாம வண்டில ஏத்தாதீங்க. தொங்கு தராசு ஒண்ணு கொண்டு போங்க. எந்தப் படித்துறை, என்ன தேதி, அமாவாசையா சாதா நாளா, சேலை எத்தனை வேட்டி எத்தனை, எடை எவ்வளவு, எல்லாம் எழுதுங்க. ஆடி அமாவாசைக்கு எவ்வளவு, சாதா ஞாயித்துக்கிழமைக்கு எவ்வளவுன்னு கைல இருந்தா, எந்தெந்த நாளு எத்தனை தொட்டி வைக்கணும், எத்தனை ஆள் நிக்கணும்னு கோயில் நிர்வாகத்துக்கிட்டயும் உள்ளாட்சிக்கிட்டயும் கணக்காப் பேசலாம். பரிகாரம் பண்ண வர்றவங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. பக்கத்துல நின்னு, "அம்மா, துணிய இந்தத் தொட்டில போட்டாலும் தோஷம் கழியும்"னு சொன்னா பாதிப்பேர் போடத்தான் செய்யுதாங்க.

---

மருதூர்_மேலக்கால்:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. விவசாயி பக்கத்துலேருந்து ஒண்ணு சேத்துக்கிடுதேன். நம்ம ஆத்துல தண்ணியளவு அணைத் தொறப்பை வச்சுத்தான் மாறும். ஜூன் மாசம் கார் நெல்லு சாகுபடிக்குத் தொறந்தா ஒரு கணக்கு, மழைக்கப்புறம் அடுத்த போகமான பிசானத்துக்கு ஒரு கணக்கு. பிசானம் அறுத்து முடிச்சு வாய்க்காலெல்லாம் அடைச்ச பொறவு, பங்குனி சித்திரைல ஆறு மெலிஞ்சு ஓடும்லா, அப்பத்தான் சாக்கடையோட பவுசு முழுசாத் தெரியும். விழுற கழிவு அதே அளவு, கலக்கிக் கொண்டுபோகத் தண்ணி இல்ல. கோடையில விட்டுட்டு ஐப்பசில மட்டும் அளந்தா ஒண்ணும் தெரியாது.

அதோட, எட்டு அணைக்கட்டுல எதுக்கு மேல எதுக்குக் கீழ எடுத்தியன்னு எழுதுங்க. கோடைமேலழகியான்லேருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஒவ்வொரு அணைக்கட்டுலயும் தண்ணி தேங்கித்தான் வாய்க்காலுக்குப் பிரியும். தேங்குத இடம் வேற, கல்லுல அடிச்சு ஓடுத இடம் வேற. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கப்படாது.

பொறவு, மேல அணையத் தொறந்துட்டா தண்ணி மளமளன்னு ஏறிடும். வெள்ள எச்சரிக்கை இருந்தா ஆத்துப் பக்கமே போகக்கூடாது தம்பி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டிச்சு. எங்க ஊரு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். நோட்டும் பாட்டிலும் காத்துக்கிட்டு இருக்கும், ஆறு காத்துக்கிடாது.

---

கூந்தன்குளம்_தொலைநோக்கி:

தண்ணீரை அளக்கக் கூச்சமாக இருந்தால் பறவையில் தொடங்கலாம். தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டி நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும், ஏட்ரி என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மையம் மற்ற இயற்கை அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பகுதிக் குளங்களுக்குக் குழு குழுவாகப் பிரிந்து போவோம். ஒவ்வொரு குழுவிலும் பறவை தெரிந்தவர் ஒருவர் இருப்பார். புதியவர் குறிப்பெழுதினாலே போதும். கூழைக்கடா, நத்தைக்கொத்தி நாரை, நாமக்கோழி, ஊசிவால் வாத்து என்று ஒரே காலையில் கண் பழகிவிடும்.

அதே மாதம் பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. அதற்கு யாரிடமும் பேர் கொடுக்க வேண்டாம். எந்த இடமானாலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, குரல் கேட்ட பறவைகளை இ-பேர்டு என்ற பறவைப் பதிவுச் செயலியில் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு விஷயம்: அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள். கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதிய பட்டியல்தான் ஆய்வுக்குப் பயன்படும். காக்கை இல்லாத பட்டியலைப் பார்ப்பவருக்கு, அங்கே காக்கை இல்லையா, எழுதவில்லையா என்று எப்படித் தெரியும்?

ஆற்றோரம் நடக்கும்போது நீர்நாயையும் கவனியுங்கள். நேரில் பார்ப்பது அபூர்வம். மணல் திட்டிலும் பாறை மேலும் எச்சம் போட்டுவைக்கும். மீன் செதிலும் முள்ளும் நிறைந்து, கடுமையான மீன் வாடை அடிக்கும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் போடுங்கள். அருகிவரும் உயிரினம் என்பதால் துல்லியமான இடத்தை அந்தத் தளமே மறைத்துக் காட்டும். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் இடத்தைப் பகிராதீர்கள். பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஆற்றில் இறங்கக் கூடாது.

---

சேர்மாதேவிக்காரி:

நெல்லை_சந்திப்பு தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்க ஆத்தாமை எனக்குப் புரியுது. அரசாங்க வேலைதான், சந்தேகமே இல்ல. ஆனா கண்ணால பாத்தேன்னு சொன்னா, "அன்னைக்கு ஒருநாள் அப்படி இருந்திருக்கும்"னு ஒரே வரில முடிச்சிடுவாங்க. ஒரு உள்ளாட்சி அலுவலகத்துல எனக்கே அந்தப் பதில் கிடைச்சுது. அடுத்த தடவை வடிகாலுக்கு மேல ஒரு எண், கீழ ஒரு எண், மாசாமாசம் அதே நேரம், பக்கத்துல போட்டோன்னு ஒரே தாள்ல கொண்டு போனேன். மறுக்க முடியல. வடிகால் வாய்ல குப்பை பிடிக்க வலை போட்டாங்க. கழிவுநீர் இன்னும் நிக்கல, அதுக்கு மேலயும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நீங்க நம்பிக்கை வைக்க ஒரு இடம் சொல்லுதேன். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். நம்ம மாநிலத்துல அன்னைக்கு ஊராட்சி எல்லாத்துலயும் கிராம சபை கூடணும். அந்தத் தாளை அங்க வாசிச்சுத் தீர்மானமா எழுத வைங்க. மனுவை மேசைல வாங்கி வச்சுக்கிடலாம். ஊரே கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆத்தங்கரை ஊர்ல ஒவ்வொண்ணுலயும் ஒருத்தர் இதைச் செஞ்சா, பாபநாசத்துலேருந்து புன்னைக்காயல் வரைக்கும் ஒரே நாள்ல ஆத்தோட முழுக் கணக்கும் எழுத்துல வந்துடும். என் ஆசை அதுதான்.

---

பாளை_புதுவரவு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல. அம்மா, நான் எந்த இடத்துல ஆரம்பிக்கட்டும்? பாளைலேருந்து வண்டில போற தூரத்துல இருக்கணும், வாரநாள்ல ஒன்பது மணிக்கு ஆபீஸ். ஆக்ஸிஜன் பெட்டி வாங்குறதுக்கு முன்னால ஒருதடவை யாராவது செஞ்சு காட்டினா தைரியம் வரும்.

---

சேர்மாதேவிக்காரி:

குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கு மேல ஒரு இடம், வண்ணார்பேட்டைக்குக் கீழ ஒரு இடம். நடுவுல நகரம் இருக்கு. நகரத்துக்குள்ள வரும்போது எப்படி இருந்துச்சு, வெளிய போகும்போது எப்படி ஆச்சுன்னு அந்த ரெண்டு எண்ணே சொல்லிடும். மூணாவது இடம் சேக்காதீங்க. ஒரு வருசம் இந்த ரெண்டையும் விடாமப் பண்ணிட்டு அப்புறம் பாத்துக்கிடலாம். மாசத்துல முதல் ஞாயிறுன்னு வச்சுக்கிடுங்க, ஆபீஸுக்கும் இடைஞ்சல் இல்ல.

வர்ற முதல் ஞாயிறு நானே குறுக்குத்துறைக்கு வாரேன், காலைல ஆறே காலுக்கு. மருந்து, பாட்டில், கையுறை எல்லாம் என்கிட்ட இருக்கு. நீங்க ஒரு நோட்டு, ஒரு வெள்ளைத் தட்டு, மருந்துத் தண்ணி பிடிக்க மூடியோட பழைய அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு கொண்டு வாங்க. படில பாசி கிடக்கும், வழுக்காத செருப்பாப் போட்டுட்டு வாங்க. நெல்லை_சந்திப்பு தம்பியும் வரலாம், வடிகால் எங்க விழுதுன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.